குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து ஐ.நா. மேசைக்கு

இணையப் பாதுகாப்புக்கென்று தூதர்களா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் கிறிஸ்டோபர் பெயின்டரின் பணிவாழ்வையே எடுத்துக்காட்டுவேன். லாஸ் ஏஞ்சலிஸில் அரசு வழக்கறிஞராக இருந்து, புகழ்பெற்ற ஹேக்கர் கெவின் மிட்னிக் மீதான வழக்கை நடத்தியவர்களுள் ஒருவரான அவர், 2011-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணைய விவகார ஒருங்கிணைப்பாளரானார். கணினிப் பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய துறை இது என்று எண்ணும் நம் மாணவர்கள், அவர் சட்டம் படித்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இணையத் தூதர் பணியின் உண்மையான உழைப்பு, நாடுகள் ஒப்புக்கொள்ளும் சொற்களைக் கண்டடைவதில்தான் இருக்கிறது. 2015-இல் 20 நாடுகளின் வல்லுநர்கள் கூடிய ஐ.நா. குழு, அமைதிக் காலத்தில் அரசுகள் பின்பற்ற வேண்டிய 11 நெறிகளை ஒருமனதாக ஏற்றது. பிற நாட்டின் மின்சாரம் போன்ற அடிப்படைக் கட்டமைப்புகளைத் தெரிந்தே சேதப்படுத்தக் கூடாது என்பதும், இணைய அவசரநிலைகளைக் கையாளும் குழுக்களைத் தாக்கக் கூடாது என்பதும் அவற்றுள் அடங்கும். இவை எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. மீறினால் தண்டிக்க நீதிமன்றமும் இல்லை. ஆயினும், அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் ஒரே வாசகத்துக்கு இசைந்தன என்பதை நான் எளிதாக எண்ணவில்லை.

அந்த இசைவு நீடிக்கவில்லை. 2017-இல் கூடிய அடுத்த குழு, தற்காப்பு உரிமை உள்ளிட்ட சர்வதேசச் சட்டக் கேள்விகளில் முரண்பட்டு, அறிக்கையின்றியே கலைந்தது. பெயின்டரும் அதே ஆண்டு பதவியிலிருந்து விலகினார். அமெரிக்க வெளியுறவுத் துறை இணையத் தூதுப்பணிக்கெனத் தனிப் பணியகம் ஒன்றை அமைத்ததோ 2022-இல்தான்.