அக்காவின் இடது கண்

ஜனவரி 18, 2024

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோயில் பார்வை நரம்பு வீங்கினால், சில வாரங்களில் பெரும்பாலானோருக்குப் பார்வை மீளத் தொடங்கிவிடும். அக்காவுக்கு இன்னும் மீளவில்லை. இன்று டாக்டர் ஒரு சிவப்பு மூடியை எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினார். வலக்கண்ணுக்குக் குங்குமச் சிவப்பு, இடக்கண்ணுக்கு வெளிறிய செங்கல் நிறம் என்றாள்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "என் வழியில் வந்ததா?"

ஜனவரி 21

அம்மா கேட்டதில் பொருள் இருக்கிறது. 1992இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் அனிதா ஹார்டிங்கும் சக மருத்துவர்களும் எட்டுப் பெண்களைப் பற்றி எழுதினார்கள். எம்.எஸ். போன்ற நோய், கூடவே கடுமையான பார்வை இழப்பு. பார்வை நரம்பைக் கெடுக்கும் பரம்பரை நோயான லீபர் நோய்க்குரிய மரபணு மாற்றம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில், அவர்களிடம் இருந்தது. அது தாய்வழியில் மட்டுமே வரும். அபூர்வம்தான் என்றாலும், டாக்டர் அதற்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 9

லீபர் மாற்றம் இல்லை! அம்மா நம்பவில்லை. "வேறு மரபணு இருக்கும்" என்கிறார்.

இருக்கின்றனதான். எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற நோய் எதிர்ப்பு மரபணு வகை உள்ள ஐரோப்பியர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. 2019இல் வெளியான மரபணு வரைபடத்தில் இப்படி 233 தொடர்புகள். இரு பக்கத்திலிருந்தும் சிறுகச் சிறுகச் சேர்பவை. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். இதில் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்ன இருக்கிறது?

பிப்ரவரி 11

நோயை வரவழைக்கும் மரபணுக்கள் வேறு, அது எவ்வளவு கெடுக்கும் என்பதோடு தொடர்புள்ளவை வேறு. முன்னவை பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களைச் சேர்ந்தவை. 2023இல் 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் தேடி, நோயின் தீவிரத்தோடு தொடர்புள்ள ஓர் இடத்தைக் கண்டார்கள். அதன் அருகிலுள்ள மரபணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் இயங்குபவை. அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால், ஊன்றுகோல் தேவைப்படும் நிலை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது.

கண்ணைப் பொறுத்தவரை, 2019இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காம்ப்ளிமென்ட் புரதங்களின் மரபணுக்களைச் சுட்டினார்கள். கிருமிகளை அழிக்க உதவும் இப்புரதங்களே விழித்திரை நரம்புச் செல்களின் இழப்பிலும் பங்கெடுக்கின்றன போலும். இதை இரண்டு முறை படித்தேன். அக்காவின் கண்ணைப் பற்றி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

பிப்ரவரி 16

விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் இடக்கண்ணின் நரம்புச் செல் அடுக்கு மெலிந்திருக்கிறது. இந்த மரபணுக்களையும் சோதிக்கலாமா என்று கேட்டேன். ஒரு தனி நோயாளியின் கண் எப்படிப் போகும் என்று சொல்லுமளவுக்கு அவை இன்னும் பயன்படாது என்றார் டாக்டர். காத்திருக்க வேண்டாம் என்று நோய் எதிர்ப்புச் செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்துக்குத் தேதி கொடுத்துவிட்டார். அம்மாவும் கூட வருகிறார்.