கல்லை உடைத்த பிறகுதான் பழங்கற்காலம் புரிந்தது

குரூப் 2-க்குப் படித்தபோது பழங்கற்காலத்தை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். ஓல்டோவான், அச்சூலியன், லெவலாய்சியன் என்று கற்கருவி செய்முறைகளின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். ஆனால் மாதிரித் தேர்வில் ‘பொருத்துக’ வந்தால் எப்படியும் இரண்டு தப்பும். பெயர் தெரிந்ததே தவிர, எந்தக் கருவி எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் இரண்டு கூழாங்கற்களை மோதிப் பார்த்தேன். முதல் பலன், கட்டைவிரலில் அடி. ஏழெட்டு முறை தட்டிய அப்புறம் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்தது. அதைத் தக்காளி மேல் வைத்து இழுத்தேன், தோல் கிழிந்தது. சரி, ஓல்டோவான் இவ்வளவுதான்: ஒரு கருக்கல், அதாவது அடிக்கப்படும் மூலக் கல்; அதிலிருந்து பெயர்த்த செதில். எத்தியோப்பியாவின் கோனாவில் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இதைத்தான். அடி விழுந்த இடத்துக்குக் கீழே செதிலில் லேசான புடைப்பு இருக்கும். தானாக உடைந்த கல்லையும் மனிதர் உடைத்ததையும் பிரித்தறிய அது கைகொடுக்கும்.

அச்சூலியன் கைக்கோடரி வேறு சமாச்சாரம். இரண்டு முகமும் செதுக்கி, பாதாம் பருப்பு மாதிரி ஆக்க வேண்டும். கையில் எடுக்கும்போதே வடிவம் மனதில் இருந்தாக வேண்டும். நான் முயன்றதில் மிஞ்சியது ஜல்லிதான். லெவலாய்சியனில் கருக்கல்லை முன்கூட்டியே பக்குவப்படுத்தி, கடைசி அடியில் வேண்டிய செதிலை எடுக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு வரிசை குழம்பவே இல்லை.

ஆண்டுகளில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 1863 என்பது ஆங்கிலேயப் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைப் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ஆண்டு. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் 15 லட்சம் ஆண்டு என்பது அங்கே கிடைத்த கருவியின் வயது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டது. பழைய கைடுகளில் இந்த எண் இருக்காது.

முதல் கருவி செய்தவர் ஹோமோ ஹேபிலிஸ் என்ற ஆதி மனித இனம் என்று பாடத்தில் இருந்தால், கொள்குறி வினாவில் அதையே குறியுங்கள். விரிவாக எழுதும்போது கென்யாவின் லொமெக்வியைச் சேர்த்துவிடுங்கள்: 33 லட்சம் ஆண்டுப் பழைய கருவிகள், 2015-ல் அறிவிக்கப்பட்டவை. நமக்குத் தெரிந்த எந்த ஹோமோ (மனிதப் பேரினம்) எலும்பும் அவ்வளவு பழையதல்ல.

சென்னைப் பக்கம் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஃபூட் சேகரித்தவை அங்கேதான் இருக்கின்றன. பெயர்ப்பலகையை அப்புறம் படிக்கலாம். முதலில் கல்லில் எத்தனை செதில் தடம் என்று எண்ணுங்கள்.