நாலடித் தொட்டியில் ஹாம்ஸ்டர் வீடு: வேலைக் குறிப்புகள்

2025 பிப்ரவரி 8

ஒரு சிரியன் ஹாம்ஸ்டருக்கான (எலி போன்ற சிறு வளர்ப்பு விலங்கு) வீடு, சென்னை அடுக்குமாடி ஒன்றின் உள்ளறையில். ஒன்றே ஒன்று. சிரியன் வகை வளர்ந்தபின் தன் இனத்தையே பக்கத்தில் அண்டவிடாது. "துணைக்கு இன்னொன்று" என்று வாங்கினால் ரத்தக்காயத்தில்தான் முடியும்.

ஹாம்ஸ்டரோடு சேர்த்து விற்கும் இரண்டடுக்குக் கம்பிக்கூண்டு முதலிலேயே வேண்டாமென்று ஒதுக்கியாயிற்று. அதன் தரை ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குத்தான் இருக்கும். அடித்தட்டின் ஆழம் நாலு விரல், தோண்ட வழியில்லை. மாடியும் ஏணியும் மனிதக் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். ஹாம்ஸ்டருக்கு உயரத்தை அளக்கும் பார்வை குறைவு. விளிம்புவரை ஓடிவந்து அப்படியே விழக்கூடும். இந்த மாடிகளிலிருந்து விழுந்தால் கால் எலும்பு முறியலாம்.

ஜெர்மனியில் விலங்குநலத்துக்கான கால்நடை மருத்துவர் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 100 × 50 × 50 செ.மீ. வீடாகப்போவது ஒரு மீன்தொட்டி; அதை நம் ஊரில் அடிக்கணக்கில்தான் செய்வார்கள் என்பதால் 4 × 2 × 2 அடி, அதாவது சுமார் 122 × 61 × 61 செ.மீ. உயரத்தில் கைவைத்துச் செலவைக் குறைக்கலாம் என்று தோன்றும். குறைக்கக் கூடாது, அந்த உயரம், தோண்டுவதற்கு மண்போல நிரப்பும் பொருளுக்கு.

பிப்ரவரி 11

கொளத்தூர் மாதிரி மீன்தொட்டிச் சந்தைகளில் சொல்லிச் செய்யலாம். முதல் வார்த்தையிலேயே "தண்ணீர் ஊற்றப்போவதில்லை" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 10 மி.மீ கண்ணாடியில் கணக்குப் போடுவார்கள். வெறும் தொட்டியே 75 கிலோவைத் தொடும். உலர்ந்த பொருள் நிரப்ப 6 மி.மீ போதும், எடை 45 கிலோவுக்குள் அடங்கும். மேல்விளிம்பின் நடுவே குறுக்காக ஒட்டும் கண்ணாடிப் பட்டை வேண்டாம். அது தண்ணீர் அழுத்தத்துக்கானது. இங்கே கையை உள்ளே விடவும் மூடி போடவும் இடைஞ்சல்தான்.

ஒட்டியது சிலிகான். புளித்த காடி வாடை சுத்தமாகப் போகும்வரை வெறுமனே திறந்து வைத்திருக்க வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகானைக் கடையில் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

மூடிதான் காற்றோட்டம். முக்கால் அங்குல அலுமினிய ஆங்கிளில் சட்டம், அதில் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பிவலை. கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்டு மூடி, நாலு ஓட்டை போடுவது சென்னை ஈரக்காற்றில் தொட்டியை இட்லிப்பானை ஆக்கிவிடும். மூடியை இரண்டு துண்டாகச் செய்தால் ஒருபக்கம் மட்டும் திறக்கலாம். கம்பிமுனைகள் வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். இருபக்கமும் கொக்கி அவசியம். ஓடுவதற்கு உள்ளே வைக்கும் சக்கரத்தின் உச்சியில் ஏறினால் மூடி எட்டிவிடும், தலையால் முட்டித் தூக்கும். குள்ள ஹாம்ஸ்டர் வகைகளுக்கு அரை அங்குலம் பெரிய சந்து, கால் அங்குல மெஷ் போடவும்.

பிப்ரவரி 15

இன்று பெட்டிங், அதாவது தோண்டுவதற்காகத் தொட்டியில் நிரப்பும் பொருள். மொத்த வேலையில் காசும் யோசனையும் இங்கேதான் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் பாலம், ஊஞ்சல், பிளாஸ்டிக் குழாய் எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, மிஞ்சிய காசில் ஒரு சின்ன பாக்கெட் பெட்டிங் வாங்குகிறார்கள். தலைகீழ்.

வடக்கு சிரியா, தெற்கு துருக்கி வயல்களில் இந்த விலங்கின் வளைகளைத் தோண்டி அளந்திருக்கிறார்கள். ஆழம் 36 முதல் 106 செ.மீ வரை, சராசரி 65. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார் 10, 40, 80 செ.மீ ஆழங்களில் வளர்த்துப் பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 10 செ.மீ-யில் இருந்தவைதான் அதிகமாகக் கம்பியைக் கடித்தன, சக்கரத்திலும் அதிகம் ஓடின. 80 செ.மீ-யில் ஒன்றுகூடக் கம்பியைக் கடிக்கவில்லை. கூண்டுக் கம்பியைக் கடிப்பதை "பல் தேய்த்துக்கொள்கிறது" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நம் தொட்டியில் இடது பாதி 35 செ.மீ, வலது பாதி 15 செ.மீ. நடுவில் ஒரு பலகையைத் தடுப்பாக நிறுத்தினால் உயரமான பக்கம் சரிந்து இறங்காது. பலகை மேட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு மரத்துண்டைச் சரிவாக வைத்தால் ஏறி இறங்க வழி. கணக்கு: ஆழமான பாதிக்கு 130 லிட்டர், ஆழம் குறைந்த பாதிக்கு 56 லிட்டர். இது அழுத்தியபிறகு. அழுத்தும்போது நன்றாக அமுங்கும் என்பதால் உதிரியாக 250 லிட்டராவது கையில் இருக்க வேண்டும்.

எதைப் போடுவது? பேப்பர் கூழில் செய்த பெட்டிங் நல்லது, வளை நிற்கும். ஆஸ்பென் மரச்சீவல் கிடைத்தால் கலக்கலாம். பைன் என்றால் சூளையில் உலர்த்தியதாகவும் தூசி நீக்கியதாகவும் இருக்க வேண்டும். பிசின் வாடை தூக்கலாக அடித்தால் வேண்டாம்.

தச்சுப்பட்டறையில் சும்மா கிடைக்கும் தூளை எடுக்காதீர்கள். அதில் எந்த மரம் என்றே தெரியாது, பிளைவுட், எம்.டி.எஃப் அறுத்த தூளில் பசையும் கலந்திருக்கும். நைசான தூசி மூச்சுக்குழலுக்கு ஆகாது. தென்னை நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆழமாகப் போட்டால் அடியில் பூஞ்சை. பஞ்சு, பஞ்சுமாதிரி விற்கும் "நெஸ்டிங்" எல்லாம் கண்டிப்பாகக் கூடாது. இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், கன்னப்பையில் அடைத்துக்கொள்ளும். கூடு கட்ட வாசனையில்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பர் போதும்.

நிரப்பும் முறை: எட்டு செ.மீ பெட்டிங், அதன்மேல் முயலுக்கு விற்கும் திமோதி புல் ஒரு மெல்லிய அடுக்கு, உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்தம். மறுபடி எட்டு. புல்லின் நீண்ட தண்டுகள்தான் கூரைக்கு உத்தரம். வைக்கோல் இதற்குச் சரியில்லை, சுணை இருக்கிறது. புல்லை இரண்டு நாள் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் செள்ளுப்பூச்சி போகும். பிறகு வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே போட வேண்டும்.

சோதனை: பக்கவாட்டில் முஷ்டியைச் செருகி மெதுவாக உருவவும். ஓட்டை அப்படியே நிற்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் இன்னும் அழுத்தவும்.

பிப்ரவரி 16

கனமான எதுவும் பெட்டிங்கின் மேல் உட்காரக் கூடாது. அடியில் தோண்டினால் அதுவே கல்லறை. சக்கரம், மணல்தட்டு, பீங்கான் கிண்ணம் எல்லாம் தொட்டியின் கண்ணாடித் தரையில் ஊன்றிய காலின் மேல்தான்.

பிப்ரவரி 20

சக்கரம். சிரியனுக்கு 28 செ.மீ விட்டம். கடைகளில் தொங்குவது பாதி அளவில் இருக்கும். அதில் ஓடினால் முதுகு வில்லாக வளையும். ஓடும்போது முதுகு நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். ஓடுதளம் முழுத்தகடாக இருக்க வேண்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளி விட்டது என்றால் கால் சிக்கும்.

தாங்கியோடு சேர்த்து உயரம் 32 செ.மீ. 35 செ.மீ மேட்டில் வைத்தால் மூடியில் இடிக்கும். 15 செ.மீ பக்கம் வைத்தால் 47, மேலே தாராளம். அந்தப் பக்கத்தை ஆழம் குறைத்து விட்டதே இதற்குத்தான். 9 மி.மீ பிளைவுட்டில் 30 × 30 பலகை, 15 செ.மீ உயரத்தில் நான்கு கால். வெட்டிய ஓரத்தில் மூத்திரம் ஊறி உப்பும் என்பதால் நீர் கலந்து செய்த (வாட்டர்-பேஸ்டு) வகை வார்னிஷ் இரண்டு பூச்சு. வாடை போனபின் உள்ளே.

பிப்ரவரி 23

வீட்டுப்பெட்டி: 6 மி.மீ பிளைவுட், 30 × 20 செ.மீ, 12 செ.மீ உயரம், அடித்தளம் இல்லாதது. உள்ளே மூன்று அறை. வாசல் 6 செ.மீ, கன்னப்பை நிறையத் தீனியோடு வரும்போது உடம்பு இரட்டிப்பாகத் தெரியும், 4 செ.மீ வாசலில் மாட்டிக்கொள்ளும். கூரை ஆணியடிக்காமல் தூக்கும்படி. கொட்டாங்குச்சி வீடு பார்க்க அழகு, ஆனால் குள்ள வகைக்குத்தான் பொருந்தும்.

மணல். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம்: உடைத்த கல், முனை கூர்மை, நைசான தூசி. சின்சில்லா என்ற வளர்ப்பு விலங்குக்கு விற்கும் குளியல் பவுடரும் நுரையீரலுக்குக் கெடுதல். ஆற்றுமணல்தான். டீ வடிகட்டியில் சலித்து, கழுவும் தண்ணீர் தெளியும்வரை அலசி, இரும்பு வாணலியில் வறுக்க வேண்டும். முதலில் ஆவி கிளம்பும், மணல் கரண்டியில் கட்டிகட்டியாக ஒட்டும். பிறகு நிறம் வெளுத்து, கரண்டியிலிருந்து தண்ணீர்போல ஒழுகும். அதுதான் பதம். ஆறவைத்து 30 × 20 தட்டில் 4 செ.மீ ஆழத்துக்குப் போடலாம். தட்டின் அடியில் செங்கல் இரண்டு படுக்கவைத்தால் விளிம்பு பெட்டிங் மட்டத்துக்கு வரும். பெரும்பாலான ஹாம்ஸ்டர்கள் இந்த மணலையே கழிப்பிடமாக்கிக்கொள்ளும், நமக்கு வசதி.

கடிக்கக் கொய்யா அல்லது முசுக்கொட்டைக் கிளை, மருந்தடிக்காத மரத்திலிருந்து. கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்தது. அரளி, எருக்கு பக்கமே போகாதீர்கள்.

பிப்ரவரி 27

தண்ணீர் பாட்டிலும் கிண்ணமும் இரண்டும். பாட்டில் முனையில் காற்றடைத்துக்கொண்டால் நிறைந்த பாட்டிலின் கீழேயே தாகத்தில் கிடக்கும். தினமும் முனையில் உள்ள உலோகக் குண்டை விரலால் தட்டித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவும்.

தீனி நாளைக்கு 10 கிராம் சுமார். தானியம் மட்டும் போதாது, புரதம் 16 முதல் 18 சதவீதம் வேண்டும்: அவித்த முட்டை, உலர்ந்த புழு. கிண்ணத்தில் போடாமல் பெட்டிங் முழுக்கத் தூவி விடுங்கள், தேடித் தின்னட்டும். கம்பங்கதிரும் தினைக்கதிரும் கிடைக்கிற ஊரில் இருக்கிறோம். முழுக்கதிராகச் செங்குத்தாக நட்டுவிட்டால் ராத்திரி முழுக்க வேலை.

தானியம் இருந்தால் எறும்பு வரும். மேசையின் நாலு காலையும் கிண்ணத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப். எறும்பு சாக்பீஸ் பூச்சிக்கொல்லி, தொட்டி இருக்கும் அறையிலேயே கூடாது.

மார்ச் 2

விலங்கு உள்ளே. பழைய கூண்டின் பெட்டிங் இரண்டு கைப்பிடி கூடவே போனது, வாடை தெரிந்த இடமாக இருக்கும். அட்டைக்குழாய் ஒன்றைச் சரிவாக மேட்டில் செருகியிருக்கிறது, தோண்டத் தொடக்கம். மூன்று நாளைக்குக் கை உள்ளே போகாது; தண்ணீர், தீனி மட்டும்.

மார்ச் 9

பெட்டியைக் கைவிட்டுவிட்டது. டிஷ்யூவை வாயில் கிழித்து, கன்னத்தில் திணித்து, வெள்ளை மீசை முளைத்ததுபோல அதன் நுனி வெளியே தொங்க, அட்டைக்குழாய் வழியே கீழே இறங்குகிறது. கண்ணாடியை ஒட்டிக் கூட்டறை ஒன்று தெரிகிறது. அந்தப் பக்கம் வெளியே கறுப்புத் தாள் ஒட்டியாயிற்று, பார்க்க வேண்டுமானால் தூக்கிப் பார்க்கலாம்.

நடுத்தடுப்பை ஒட்டி ஒரு சரிவு. அங்கே புல் அடுக்கு பலகைவரை எட்டவில்லை. சரிந்த இடத்தைத் தோண்டித் திருத்த வேண்டாம், மேலே கொஞ்சம் போட்டு லேசாக அழுத்தினால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மார்ச் 30

வாராவாரம் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவும் பழக்கம் வேண்டாம். கட்டிய வளையும் தன் வாடையும் ஒரேயடியாகப் போனால் பதற்றத்தில் இன்னும் அதிகமாக மூத்திரம் விட்டு அடையாளம் போடும், நாற்றம் கூடும். தினமும் ஈரத்தீனி மிச்சம், வாரம் ஒருமுறை மூத்திர மூலை, மணல் சலிப்பு. சேமிப்பறையில் காய்ந்த தானியத்தைத் தொடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மட்டும் புதிது. அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். மக்கு வாடை வந்தால் அந்த மூலை முழுக்க வெளியே.

ஏப்ரல் 19

அறை 31 டிகிரி. இதற்கு உகந்தது 20 முதல் 24. முப்பதைத் தாண்டினால் ஆபத்து எல்லை. பகலில் ஏ.சி 26-ல், காற்று தொட்டியில் நேராக விழாமல். கிரானைட் கடையில் கழிவாகக் கிடக்கும் துண்டு ஒன்றைக் கழுவி மணல்தட்டில் வைத்திருக்கிறது, வயிற்றை ஒட்டிப் படுக்கிறது. மின்விசிறி மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம், இதற்கு வியர்க்காது.

ஏப்ரல் 27

மின்வெட்டுக்கு: ஃப்ரீஸரில் எப்போதும் இரண்டு தண்ணீர் பாட்டில். துணி சுற்றி, ஒரு தட்டில் வைத்து, தட்டோடு மெஷ் மூடியின் ஒரு மூலையில். குளிர்ந்த காற்று தானே கீழே இறங்கும். தட்டு இல்லாவிட்டால் வியர்த்த நீர் சொட்டி பெட்டிங் நனையும். மூலையில் மட்டும் வைப்பது, வேண்டாமென்றால் அது தள்ளிப்போக.

உடம்பைத் தட்டையாக நீட்டிப் படுத்து, வாயோரம் ஈரத்தோடு, தூக்கினால் தள்ளாடினால் வெப்பத்தாக்கு. உடனே குளிர்ந்த அறைக்கு. சாதாரணத் தண்ணீரில் காதும் பாதமும் நனைக்கவும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்படியே சின்னக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம். சின்ன விலங்கு பார்க்கும் மருத்துவரின் எண்ணை இப்போதே தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியாயிற்று.