இரண்டு வருடக் கல்லூரியில் ஒரு ஃபார்மசி கிளப்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டு வருடக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஃபார்மசிக்குத் தயாராகிறவர்கள் சேர்ந்து ஒரு கிளப் தொடங்க முடியுமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். முடியும். நாங்கள் தொடங்கினோம், இன்றும் நடக்கிறது. எங்கே வேலை அதிகம், எங்கே வீணாகப் பயந்தோம் என்பதையெல்லாம் நினைவிருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

இந்த ஊரில் மருந்தாளுநர் ஆக ஃபார்ம்.டி. என்ற மூன்று அல்லது நான்கு வருட டாக்டர் பட்டம் வேண்டும். அம்மா திண்டுக்கல்லில் டி.ஃபார்ம் முடித்து மெடிக்கலில் வேலை பார்த்தவர். அது பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு. அதனால் இந்த ஊர்க் கணக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. ஃபார்ம்.டி.யில் சேர இளங்கலைப் பட்டம் இருந்தே ஆகவேண்டும் என்று எல்லா ஃபார்மசி பள்ளிகளும் (அந்தப் பட்டம் தரும் பல்கலைக்கழகத் துறைகளை இங்கே பள்ளி என்பார்கள்) கேட்பதில்லை. குறிப்பிட்ட பாடங்களை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தால் பல பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை கம்யூனிட்டி காலேஜிலேயே கிடைக்கின்றன. மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு, பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தான் கட்டணம்.

இவ்வளவு நல்ல வழி இருந்தும், அதை எடுத்துச் சொல்ல எங்கள் கல்லூரியில் ஆள் இல்லை. நர்சிங்குக்கு என்ன பாடம் வேண்டும் என்று கேட்டால் கவுன்சலர்கள் உடனே சொல்வார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களான யூசிக்கோ கால் ஸ்டேட்டுக்கோ மாறுவதென்றால் அசிஸ்ட் என்ற இணையதளத்தில் எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் அது இளங்கலைப் படிப்புகளுக்கானது. ஃபார்மசி பள்ளிகள் அதில் வராது. ஒவ்வொரு பள்ளியின் பட்டியலையும் நாமே தேடிப் படித்து, நம் கல்லூரிப் பாடத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபில் என் மேசையில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் தனித்தனியாக இதே வேலையைச் செய்துகொண்டிருந்தோம் என்பது பேச்சுவாக்கில்தான் தெரியவந்தது. அந்த மூன்று பேரோடுதான் கிளப் தொடங்கியது. ஒருவர் வியட்நாமியக் குடும்பத்துப் பையன். இன்னொருவர் பகலில் மருந்தாளுநருக்கு உதவும் ஃபார்மசி டெக்னீஷியனாக வேலை பார்த்து மாலையில் படிக்கும் ஃபிலிப்பினோ பெண்மணி, இரண்டு குழந்தைகளின் தாய். எங்களில் மருந்துக்கடைக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்றிருந்தவர் அவர் மட்டும்தான்.

கிளப்பைப் பதிவு செய்ய எங்கள் கல்லூரி கேட்டவை: குறைந்தபட்ச எண்ணிக்கையில் உறுப்பினர்கள், தலைவர், செயலாளர், பொருளாளர், கிளப்பின் விதிகளைச் சொல்லும் ஒரு சட்ட வரைவு, ஓர் ஆசிரிய ஆலோசகர். உறுப்பினர் சேர்ப்பது நினைத்ததைவிட எளிதாக முடிந்தது. கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி வகுப்புகளின் தொடக்கத்தில் ஆசிரியரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிப் பேசினோம். கையெழுத்துத் தாள் நிரம்பிவிட்டது.

ஆலோசகர் கிடைப்பதுதான் கடினம். காரணம் மனமில்லாமை இல்லை. கம்யூனிட்டி காலேஜில் பாடம் நடத்தும் பலர் பகுதிநேர ஆசிரியர்கள். திங்கள் இங்கே, செவ்வாய் வேறொரு கல்லூரி என்று ஓடுகிறவர்கள். எங்கள் அனாடமி ஆசிரியைக்கு மிகுந்த ஆர்வம். ஆனால் பகுதிநேரம் என்பதால் அவர் ஒருவர் பெயரை மட்டும் போட விதி இடம் தரவில்லை. முழுநேரப் பேராசிரியர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே இரண்டு கிளப். இன்னொருவரிடமிருந்து பதிலே வரவில்லை. கடைசியில் கெமிஸ்ட்ரிப் பேராசிரியரிடம் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப்போனோம். ஒரு செமஸ்டரில் அவர் எத்தனை மணிநேரம் தரவேண்டியிருக்கும், எந்தப் படிவங்களில் கையெழுத்து, எந்த நிகழ்ச்சிக்கு நேரில் வரவேண்டும், மீதி எல்லாவற்றையும் யார் செய்வார்கள் என்று அதில் இருந்தது. படித்துவிட்டு, "இவ்வளவுதான் என்றால் சரி" என்றார். அனாடமி ஆசிரியை இணை ஆலோசகர் ஆனார். வேலை எவ்வளவு என்று தெரியாமல் தயங்குகிறவரிடம் அளவைச் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடுகிறது.

சட்ட வரைவை நினைத்து நாங்கள் அவ்வளவு பயந்திருக்கத் தேவையே இல்லை. கல்லூரியே ஒரு மாதிரி தருகிறது. பெயர், நோக்கம், தேர்தல், பொறுப்பாளரை நீக்கும் முறை, யாரையும் இனம், பாலினம், மதம் பார்த்து ஒதுக்கமாட்டோம் என்ற உறுதி, எல்லாம் அதிலேயே உண்டு. நாங்கள் யோசித்துச் சேர்த்தது இரண்டே விஷயம். ஒன்று, தேர்தல் ஏப்ரலில் முடிந்து, புதியவர்கள் பழையவர்களோடு மே வரை சேர்ந்து வேலை பார்க்கவேண்டும். இரண்டு வருடக் கல்லூரியில் கிளப்புகள் சாவது பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான். தொடங்கியவர்கள் ஜூனில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகஸ்டில் கணக்கின் கடவுச்சொல்கூட யாருக்கும் தெரியாது. இரண்டாவது, துணைத்தலைவர் முதல் வருட மாணவராகத்தான் இருக்கவேண்டும். யாராவது புதிதாகக் கிளப் தொடங்கினால் இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

ஒப்புதல் தரும் இடம் இன்டர்-கிளப் கவுன்சில், கல்லூரிக் கிளப்புகளுக்கெல்லாம் பொதுவான மாணவர் அமைப்பு. அதன் கூட்டங்கள் பிரவுன் சட்டப்படி நடக்கின்றன. பொது அமைப்புகள் மக்கள் பார்வையில் கூடவேண்டும் என்று 1953-இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் அது. கூட்டத்துக்கு 72 மணிநேரம் முன்பே நிகழ்ச்சிநிரலை ஒட்டிவிட வேண்டும், அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. அதனால் காகிதமெல்லாம் தயாராகி அதே வாரம் போய் நின்றால் வேலை நடக்காது. முன்கூட்டியே நிரலில் இடம் கேட்கவேண்டும். மாணவர்கள் நடத்தும் சின்னக் கூட்டத்துக்கே இவ்வளவு ஒழுங்கு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஏற்கெனவே ப்ரீ-மெட் கிளப் இருக்கும்போது இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். ப்ரீ-மெட் கிளப்பின் வழி மருத்துவப் படிப்புக்கான எம்-கேட் நுழைவுத்தேர்வையும் இளங்கலைப் பட்டத்தையும் நோக்கிப் போகிறது, எங்களுக்கு அந்த இரண்டும் இல்லாத வழி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை என்று பதில் சொன்னோம். வாக்கெடுப்பில் எதிர்ப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததில் மிகவும் பயன்பட்டது ஓர் அட்டவணை. விருந்தினர் உரையைவிட, படிவங்களைவிட அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். இடப்பக்கம் யூசி சான் ஃபிரான்சிஸ்கோ, யூசி சான் டியேகோ, யூசி அர்வைன், யூஎஸ்சி, ஸ்டாக்டனில் உள்ள பசிஃபிக் பல்கலைக்கழகம் என்று பள்ளிகள். மேலே பாடங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எங்கள் கல்லூரியின் எந்தப் பாட எண் பொருந்தும் என்று எழுதினோம். கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லோரும் கேட்பவை. ஆனால் ஒரு பள்ளி மேடைப்பேச்சு கேட்கும், இன்னொன்று எக்கனாமிக்ஸ் கேட்கும். சில பள்ளிகள் பயோகெமிஸ்ட்ரி கேட்கும், அது பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்காத மேல்நிலைப் பாடம். எந்தப் பள்ளி என்று முன்பே தெரிந்தால் அதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். பொருத்தம் சந்தேகமாக இருந்த இடங்களில் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டு, பதில் வந்த தேதியைக் கட்டத்தில் குறித்தோம்.

அட்டவணை போட்டபோதுதான் பாடங்களின் வரிசை எவ்வளவு முக்கியம் என்று கண்முன்னே தெரிந்தது. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர். அது முடிந்தால்தான் ஆர்கானிக், அதுவும் இரண்டு செமஸ்டர். ஆக நான்கு செமஸ்டரும் கெமிஸ்ட்ரியிலேயே சங்கிலிபோல் கோத்துக்கொண்டிருக்கிறது. முதல் வருட ஆகஸ்டில் ஜெனரல் கெமிஸ்ட்ரியில் இடம் கிடைக்காமல் போனால் இரண்டு வருடக் கணக்கு மூன்றாகிவிடும். இது ஒரு மாணவருக்கு முதல் வாரத்தில் தெரியவேண்டிய செய்தி. பலருக்குத் தெரியவந்தது மூன்றாம் செமஸ்டரில். அதனால் எங்கள் கிளப்பின் முதல் கூட்டத்தை வகுப்புப் பதிவு தொடங்குவதற்கு முன்பே வைத்துக்கொண்டோம், இப்போதும் அப்படித்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு மாணவி, அண்ணன் விட்டுச்சென்ற பழைய பிகேட் புத்தகங்களோடு வந்தார். ஃபார்மசி சேர்க்கைக்கென்றே இருந்த அந்தத் தேர்வு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய அறிவுரைகள் எங்கும் கிடக்கின்றன, புதியவர்கள் அதை நம்பிப் பணமும் நேரமும் செலவழிக்கிறார்கள். அவர் அந்த மாதங்களை ஆர்கானிக்குக்கு ஒதுக்க முடிந்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

விருந்தினராக மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவரை அழைத்தோம். டெக்னீஷியன் தோழி மூலம் கிடைத்த தொடர்பு. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எவ்வளவு கொடுப்பது என்று அவர் தினமும் கணக்குப் போடுவதை விளக்கினார். அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் மருந்து உடலில் தேங்கி, அந்தச் சிறுநீரகத்தையே இன்னும் கெடுக்கும். குறைத்துவிட்டாலோ கிருமி சாகாது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்து, வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்த வாரம்தான் ஃபிசியாலஜி வகுப்பில் சிறுநீரகத்தின் வடிகட்டியான நெஃப்ரான் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். எதற்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்கிறோம் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவர் இரண்டு உறுப்பினர்களைத் தன்னார்வலர்களாகச் சேர வழிகாட்டினார். ஃபார்மசி பள்ளிகளுக்குப் பொதுவான ஃபார்ம்கேஸ் விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும், அதில் ஒன்றை மருந்தாளுநரிடம் வாங்கச் சொல்லும் பள்ளிகள் உண்டு. என்னைப்போல், வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் தனியாக வேலை அனுமதி இல்லாமல் இருப்பவர் டெக்னீஷியனாகச் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. எங்களுக்கு ஒரு மருந்தாளுநரின் அறிமுகம் கிடைக்க வேறு வழி அரிது.

அக்டோபரில் போதைத்தடுப்புத் துறையான டிஇஏ நடத்தும் பழைய மருந்து திரும்பப்பெறும் நாளில் உதவினோம். ஏப்ரலிலும் உண்டு. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கொண்டுவந்து போடலாம், ஊசிகள் ஏற்கமாட்டார்கள். பெறுவது காவல்துறையினர் மட்டும்தான், மாணவர்கள் மருந்தைத் தொடக் கூடாது. அதனால் கல்லூரிக் காவல்துறையிடம் பேசி அவர்கள் பெட்டியை வைத்தார்கள். நாங்கள் வழிகாட்டினோம், துண்டறிக்கை கொடுத்தோம். இறந்துபோன கணவரின் வலிமாத்திரைகளை வருடக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்த ஒரு பாட்டி பையோடு வந்தார். எங்கே போடுவது என்று தெரியாமல்தான் வைத்திருந்தாராம்.

பணவிஷயம் சுருக்கமாக: வெளி வங்கியில் கணக்குத் தொடங்க அனுமதி இல்லை, எல்லாம் கல்லூரிக் கணக்கு வழியாகத்தான். ஒவ்வொரு செலவுக்கும் கூட்டக் குறிப்பும் ஆலோசகர் கையெழுத்தும் வேண்டும். உணவு விற்பதானால் வீட்டில் சமைத்தது கூடாது, பொட்டலமாகக் கடையில் வாங்கியது மட்டும்.

நான் விண்ணப்பித்தது போன சுற்றில். முன்பு துணைத்தலைவராக இருந்த முதல் வருட மாணவர் இப்போது தலைவர். அட்டவணையின் கட்டங்களை ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாகச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. பள்ளிகள் பட்டியலை மாற்றுவதால் பழைய அட்டவணையை யாருக்கும் கொடுக்கமாட்டோம். கிளப் தொடங்க நினைக்கிறவர்கள் ஆலோசகர் தேடும் வேலையை ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடுங்கள், கோடையில் ஆசிரியர்கள் கிடைக்கமாட்டார்கள். எங்கள் சட்ட வரைவும் அந்த ஒரு பக்கக் கடிதமும் வேண்டும் என்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.