நமத்துப் போன மைக்

ஐப்பசி அடைமழையின் நான்காவது ராத்திரி. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு உள்ளறையில், ஆச்சி நடவுப் பாட்டின் இரண்டாவது கண்ணியைத் தொடங்கியிருந்தாள். ஹெட்போனில் ‘டப்’ என்று ஒரு வெடிப்பு. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் காய்ந்த எண்ணெயில் வடகத்தைப் போட்ட மாதிரி ஒரே பொரியல் சத்தம். ஆச்சியின் குரல் அதற்கு அடியில் எங்கேயோ கேட்டது.

ஆச்சிக்கு 81 வயது. பெண்கள் வயலில் வரிசையாக இறங்கி நாற்று நட்ட காலத்துப் பாட்டுகள் 21 அவளிடம் இருக்கின்றன. ஒரு பாட்டைப் பாடி முடிப்பதற்குள் இப்போது மூச்சு வாங்குகிறது. இன்றைக்கு வந்த அடி நாளைக்கு வருவதில்லை. அதற்காகத்தான் காசு சேர்த்து ஒரு கண்டன்சர் மைக் வாங்கியிருந்தேன். அது கெட்டுவிட்டதோ என்று நினைத்தபோது எனக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு பத்து நாளில் அதைச் சரிசெய்த விதத்தை விவரமாகவே எழுதுகிறேன். மழைக்காலத்தில் இதே பொரியல் சத்தத்தோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எந்த மாதிரிச் சத்தம் என்பதை முதலில் காதால் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் நின்றால் அது வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். எர்த்தையோ, கேபிளைச் சுற்றி வெளி இரைச்சலைத் தடுக்கிற உலோக உறையான ஷீல்டையோ பார்க்க வேண்டும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீராக ஓடினால் அது எல்லா மைக்கிலும் கொஞ்சம் இருக்கிற இரைச்சல், கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்குகிற அளவை, அதிகம் ஏற்றினால் இன்னும் கூடுதலாகத் தெரியும். என்னுடையது இரண்டும் இல்லை. நேரம் காலம் இல்லாமல் வெடித்தது, பத்து நிமிஷம் அடங்கியது, திரும்பவும் பொரிந்தது.

கெயினை ஒரே இடத்தில் வைத்து, அறையில் யாரும் இல்லாமல், ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்து நிமிஷம் பதிவு செய்தேன். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினேன், மாற்றமில்லை. கேபிளை மாற்றினேன், மாற்றமில்லை. மேடையில் பேசப் பயன்படுகிற சாதாரண டைனமிக் மைக் ஒன்றைக் கடன் வாங்கி அதே கேபிளில், அதே சானலில் போட்டேன். சுத்தமாக இருந்தது. ஆனால் டைனமிக் மைக்குக்கு ஃபேண்டம் பவர் (கேபிள் வழியாகவே கண்டன்சர் மைக்குக்குப் போகிற மின்சாரம்) தேவையில்லை, அதனால் அந்த ஒரு சோதனையை நம்பி, மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டியான இன்டர்ஃபேஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டரை எடுத்து, எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று பின் மைக் கேபிளின் முனையில் 1, 2 பின்களுக்கு நடுவிலும் 1, 3 பின்களுக்கு நடுவிலும் அளந்தேன். இரண்டிலும் 47.6 வோல்ட், அசையாமல் நின்றது. 48 வோல்ட் வர வேண்டிய இடத்தில் இது போதும். (இந்த 48 என்ற கணக்குக்கு ஒரு கதை உண்டு. 1966-இல் நார்வே வானொலிக்காக, மைக் செய்கிற ஜெர்மன் கம்பெனியான நாய்மன் இந்த முறையை அமைத்தபோது, அங்கே ஸ்டுடியோக்களில் அவசர விளக்குக்கு ஏற்கனவே 48 வோல்ட் இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் அதுதான் அளவு.)

ஆக, குற்றம் மைக்குக்குள் இருந்தது.

அன்று மத்தியானம் ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் இந்த ஊர்ப் பெண்கள் பலரைப் போல வருஷக்கணக்கில் அப்பளம் உருட்டியவள். கேட்டுவிட்டு, “ஏல, மழக்காலத்துல அப்பளமே நமத்துப் போவுது. அது மட்டும் நமக்காதா?” என்றாள்.

சரியாகச் சொன்னாள். கண்டன்சர் மைக்கின் கேப்சூலில், அதாவது குரலை வாங்குகிற பாகத்தில், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இருக்கும், மேலே தங்கப் பூச்சு, சில மைக்ரான் கனம்தான். அதற்குப் பின்னால், தலைமுடி கனத்தை விடக் குறைந்த இடைவெளியில், ஓர் உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு சின்ன கெப்பாசிட்டர். அதில் மின்னேற்றம் நிற்கும். குரல் பட்டுச் சவ்வு அசையும்போது வோல்டேஜ் மாறும். அந்த மின்னேற்றம் கசிந்துவிடாமல் காப்பதற்காக 1 கிகா ஓம் ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள், அதாவது 100 கோடி ஓம். அவ்வளவு பெரிய தடையைச் சுற்றி, மைக்குக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டின் மேல் தூசியும் ஈரமும் கொஞ்சம் படிந்தாலே போதும், மின்சாரத்துக்கு அதை விடச் சுலபமான குறுக்குப் பாதை கிடைத்துவிடும். ஏற்றம் அந்த வழியே கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டுக் கசியும். ஒவ்வொரு கசிவும் நம் காதில் ஒரு வெடிப்பு.

பக்கத்து வீட்டு மதினி அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கச் சொன்னார். அது வேண்டாம். அரிசி மாவுத்தூசி வலைக்குள் போய்ச் சவ்வில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. சிலிகா ஜெல் 200 கிராம் வாங்கி, துணிப்பையில் கட்டி, ஆச்சியின் அப்பள டின்னில் மைக்கோடு சேர்த்து ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். காலையில் போட்டுப் பார்த்தால் ஒரு சத்தம் இல்லை. அப்பாடா என்று ஆச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு மறுபடியும் ‘டப்’.

ஈரம்தான் காரணம் என்பது இதில் உறுதியாகிவிட்டது. ஆனால் ஒரு மணி நேரத்திலேயே திரும்ப நமக்கிறது என்றால், ஈரத்தை இழுத்துப் பிடிக்கிற அழுக்கு ஏதோ உள்ளே இருக்க வேண்டும். அது கேப்சூலிலா, போர்டிலா? கேப்சூல் என்றால் செலவு பெரிது, மைக் விலையில் பாதி ஆகிவிடும்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரத்தில், கோயில் கொடைகளுக்கு மைக்செட் கட்டுகிற ஒரு அண்ணாச்சி இருக்கிறார். வால்வு ஆம்ப்ளிஃபையர் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். மைக்கைக் கையில் வாங்கி, திறக்காமலே திருப்பிப் பார்த்தார். “கேப்சூலக் கழத்திட்டு, அந்த ரெண்டு வயருக்கும் நடுவுல ஒரு 68 பிஎஃப் கெப்பாசிட்டர வையி தம்பி. பொரியல் நின்னுட்டுன்னா குத்தம் கேப்சூல்ல. நிக்கலன்னா போர்டுல. அதத் தெரிஞ்சிக்கிடாம வேற எதையும் தொடாத” என்றார். கெப்பாசிட்டரையும் அவரே ஒரு டப்பாவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இந்தப் பத்து நாளில் நான் கற்றதில் விலைமதிக்க முடியாதது இந்தச் சோதனைதான். பிஎஃப் என்றால் பிகோ ஃபாரட், மின்கொள்ளளவின் மிகச் சின்ன அலகு. கேப்சூலின் மின்கொள்ளளவும் ஏறத்தாழ அந்த அளவுதான், அதனால் போர்டுக்கு வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஃபேண்டம் பவரை அணைத்து, பத்து நிமிஷம் விட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு மைக்கைத் திறந்தேன். அடியில் இருக்கிற வளையத்தைத் திருகினால் வெளிக்குழாய் கழன்று வரும். தலையில் இருக்கிற வலைக்கு இரண்டு திருகாணி. எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கேப்சூலின் வயர்களைப் போர்டின் பக்கத்தில் ஈயம் உருக்கி எடுத்தேன். கேப்சூல் பக்கத்தில் சூடு காட்டவே கூடாது. அதைத் தனியே ஒரு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, அண்ணாச்சி கொடுத்த கெப்பாசிட்டரை அந்த இடத்தில் பற்றவைத்தேன். வெளிக்குழாயைத் திரும்பவும் மாட்டித்தான் கேட்க வேண்டும். குழாய்தான் ஷீல்டு, அது இல்லாவிட்டால் கரண்டு ‘ம்ம்ம்’ எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

நான்காவது நிமிஷம் பொரியத் தொடங்கியது. கேப்சூல் டப்பாவில் இருக்கிறது, சத்தமோ வருகிறது! அவ்வளவு நிம்மதியாக ஒரு இரைச்சலை நான் கேட்டதில்லை.

மேஜை விளக்கின் கீழ் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கேப்சூலின் சிக்னலை முதலில் வாங்குகிற டிரான்சிஸ்டரான ஜேஃபெட்டின் கேட் என்கிற உள்ளீட்டுக் கால், அந்த கிகா ஓம் ரெசிஸ்டர், கேப்சூல் வயர் மூன்றும் சேருகிற இடத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரிப் பளபளப்பு. பற்றவைத்தபோது மிஞ்சிய ஃபிளக்ஸ், ஈயம் நன்றாகப் பிடிக்கப் போடுகிற பிசின். அதன் மேல் தூசி அப்பியிருந்தது.

இதைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ரயிலேறிப் போய், மொபைல் சர்வீஸ் சாமான் விற்கிற கடையில் வாங்கினேன். கை கழுவுகிற சானிடைசரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், கிளிசரின் ஈரத்தை இழுக்கும். இரண்டு ஜேஃபெட்டும் கையோடு வாங்கி வந்தேன். துடைத்தும் சத்தம் நிற்காவிட்டால் அடுத்த சந்தேகம் அதன் மேல்தான்.

கையுறை போட்டுக்கொண்டு, புது பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்து, அந்த இடத்தை மூன்று தடவை கழுவினேன். ஒவ்வொரு தடவையும் கரைந்த அழுக்கை நூல் உதிராத துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு வேறு இடத்தில் போய்ப் படியும், அவ்வளவுதான். ரெசிஸ்டரின் உடம்பையும் துடைத்தேன். விரல் எண்ணெய் பட்டால்கூட அந்த ரெசிஸ்டர் கசியும். பிறகு கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுக் கேப்சூலைத் திரும்பப் பற்றவைத்து, அந்தப் புது ஈயத்தைச் சுற்றியும் ஒரு தடவை கழுவினேன். சவ்வின் மேல் துளிகூடப் படவிடவில்லை. அதில் கொஞ்சம் தூசி தெரிந்தது, கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கிற ரப்பர் பந்தால் தூரத்திலிருந்து மெதுவாக ஊதியதோடு சரி. வாயால் ஊதினால் எச்சில் படும். தங்கப் பூச்சைத் துடைக்கலாம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், என் கை அதற்குப் போகாது.

60 வாட் குண்டு பல்பின் கீழ் ஓரடி தள்ளி இரண்டு மணி நேரம், பிறகு ராத்திரி முழுக்க டின்னில். மறுநாள் வெளியே நல்ல மழை. வேண்டுமென்றே மைக்கை அறையில் திறந்து வைத்து, ஆறு மணி நேரம் கழித்து அரை மணி நேரம் பதிவு செய்து கேட்டேன். ஒரு வெடிப்புகூட இல்லை. ஜேஃபெட் இரண்டும் பொட்டலத்திலேயே இருக்கின்றன.

இப்போது வேலை முடிந்ததும் மைக் டின்னுக்குள் போய்விடும். சிலிகா ஜெல் நீலம் மாறி ரோஸ் நிறம் ஆனால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கினால் பழைய நிறம் வரும். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, அது விஷம். அதனால் சமையல் பாத்திரத்தில் வறுக்காமல், ஒரு பழைய தகரத் தட்டை இதற்கென்றே ஒதுக்கி, கொல்லையில் வைத்துத்தான் சூடாக்குகிறேன். ஆச்சி அப்பளத்துக்கு வேறு டின் வாங்கிக்கொண்டாள்.

அன்று ராத்திரி அதே பாட்டை முதலிலிருந்து பாடச் சொன்னேன். போன தடவை நின்ற கண்ணியைத் தாண்டி, நான் இதுவரை கேட்டிராத ஒரு கண்ணியும் பாடினாள். நடுவில் மூச்சு வாங்கியதும், குறுக்கே கண்ணாடி வளையல் உரசியதும் அப்படியே விழுந்திருக்கிறது. 14 பாட்டு முடிந்திருக்கிறது. தை பிறப்பதற்குள் மீதி ஏழையும் எடுத்துவிட வேண்டும்.