பாஃப் இல்லாத குறை

ஜூன் 6, இரவு

ஜானி இங்கிலிஷ் முதல் பாகத்தை ரொம்ப நாள் கழித்து மறுபடி பார்த்தேன். 2003இல் வந்தது. ரோவன் ஆட்கின்சன் என்றாலே மிஸ்டர் பீன் ஞாபகம் வந்துவிடுவதால், பீனுக்கு கோட்டு சூட்டு மாட்டி உளவுத்துறைக்கு அனுப்பிய படம் என்றுதான் பலரும் இதைப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீனுக்கு யாருடைய மதிப்பும் தேவையில்லை, தன் பாட்டுக்குத் தனி உலகத்தில் திரிகிற ஆள். இங்கிலிஷோ ஊரே தன்னை ஜேம்ஸ் பாண்டாகப் பார்க்க வேண்டும் என்று தவிக்கிறவர். அவர் செய்கிற தப்பை விட, அந்தத் தப்பை மூடி மறைக்க அவர் படுகிற பாட்டில்தான் சிரிப்பு இருக்கிறது.

ஆரம்பத்தையே பாருங்கள். ஏஜென்ட் ஒன் என்கிற அசல் உளவாளி, இங்கிலிஷ் சரிபார்த்துக் கொடுத்த குறியீட்டை நம்பி நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போய் உயிரை விடுகிறார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் பாதுகாப்புப் பொறுப்பு யாரிடம்? இதே இங்கிலிஷிடம். இதைவிடப் பத்திரமான இடம் நாட்டிலேயே இல்லை என்று அவர் பெருமை பேசி முடிக்கவில்லை, குண்டு வெடித்து மிச்சமிருந்த உளவாளிகள் மொத்தப் பேரும் காலி. வேறு ஆள் இல்லாததால் இவர் நாயகன். ஐந்தாறு நிமிடத்துக்குள் இவ்வளவையும் சொல்லிவிடுகிறார்கள், இதில் ஒரு இடத்தில் கூட இங்கிலிஷ் முகத்தில் குற்ற உணர்ச்சி கிடையாது. இது முக்கியம், இரண்டாம் பாகத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

லண்டன் கோபுரத்துக் காட்சி இன்னும் அப்படியே வேலை செய்கிறது. கிரீடம் திருடு போகிறது, பாதுகாப்பு அதிகாரியை இவரே அடித்து வீழ்த்திவிடுகிறார், அதை மறைக்க மூடிய அறைக்குள் தனியாக நின்று இல்லாத எதிரியோடு சண்டை போடுகிறார். அப்புறம் அந்த இல்லாத ஆளுக்கு ஆரஞ்சு நிறச் சுருட்டை முடி என்று அடையாளம் வேறு சொல்கிறார், அதை வைத்து அந்த ஆளின் முகப் படமும் தயாரிக்கிறார்கள். பொய் சொல்லிவிட்டு அந்தப் பொய்யை அவரே நம்புகிற அந்த ஒரு விநாடி முகபாவத்தை வேறு யாரும் இப்படிச் செய்ய முடியாது.

ஜூன் 7

நேற்று எழுதாமல் விட்டது. இந்தப் பாத்திரம் சினிமாவில் பிறந்ததே இல்லை, தொண்ணூறுகளில் பார்க்லேகார்டு கடன் அட்டைக்காக பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த விளம்பரங்களிலிருந்து வந்தது. அங்கே பெயர் லேத்தம். அட்டை எதற்கு, எனக்குத் தெரியாததா என்று பெரிய உளவாளி அலட்சியமாக இருப்பார், மாட்டிக்கொள்வார், கூட வருகிற உதவியாளர் சத்தமில்லாமல் அட்டையை வைத்துக் காரியத்தை முடித்திருப்பார். படத்தில் இங்கிலிஷின் உதவியாளர் பாஃப், விளம்பரத்து உதவியாளரின் பெயரும் பாஃப்தான்! அதாவது நாயகனுக்குச் சினிமாவில் பெயர் மாறிவிட்டது, உதவியாளருக்கு மாறவில்லை. (விளம்பரத்தில் ஹென்றி நெய்லர், படத்தில் பென் மில்லர்.)

இன்னொன்று. முதல் பாகத்தை எழுதிய மூவரில் இருவர், நீல் பர்விஸும் ராபர்ட் வேடும், அதற்கு முந்தைய ஆண்டு வந்த டை அனதர் டே உட்பட நிஜ பாண்ட் படங்களையே எழுதியவர்கள். பகலில் பாண்டை எழுதிவிட்டு இரவில் கிண்டலடித்திருக்கிறார்கள் போல. ஆட்கின்சனும் 1983இல் ஷான் கானரி நடித்த நெவர் சே நெவர் அகெயின் படத்தில் ஒரு அசட்டு அதிகாரியாகத் தலை காட்டியவர்தான்.

ஜூன் 9

இரண்டாம் பாகம், ஜானி இங்கிலிஷ் ரீபார்ன், 2011. இயக்குநர் மாறிவிட்டார், பீட்டர் ஹோவிட்டுக்குப் பதில் ஆலிவர் பார்க்கர். முதல் பாகம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இது அதைத் தாண்டிப் போகிறது, போவதும் தெரிகிறது.

படமாகப் பார்த்தால் இது ஒரு படி மேல், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கதைக்கு முதுகெலும்பு இருக்கிறது: வோர்டெக்ஸ் என்கிற கொலைக் கும்பல், மூன்று சாவிகள், சீனப் பிரதமரைக் கொல்லச் சதி, உள்ளேயே ஒரு துரோகி. முதல் பாகத்தின் கதை என்ன? ஜான் மால்கோவிச் காது கொடுத்துக் கேட்க முடியாத ஒரு பிரெஞ்சு உச்சரிப்போடு வந்து இங்கிலாந்து ராஜாவாகி நாட்டையே சிறைச்சாலையாக்கப் பார்ப்பார். அவ்வளவுதான், யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் மாட்டார்கள். இங்கே ஜில்லியன் ஆண்டர்சன், டொமினிக் வெஸ்ட், ரோசமண்ட் பைக் என்று சீரியஸ் படத்துக்கு எடுத்த மாதிரி ஆட்கள். பைக் அதே டை அனதர் டேயில் நிஜ பாண்டோடு நடித்தவர்.

உளவுத்துறைக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஸ்பான்சர் செய்கிறது, வாசலிலேயே தோஷிபா பெயர் இருக்கிறது. சின்ன ஜோக், ஆனால் எட்டு வருஷத்தில் உலகம் எங்கே போய்விட்டது என்பதை வசனம் இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 10

அந்த ஹாங்காங் துரத்தல் காட்சியை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். திருடன் இளைஞன், கூரைக்குக் கூரை தாவுகிறான், சுவர் ஏறுகிறான், பாண்ட் படங்களில் நாம் வாய் பிளந்து பார்க்கிற அத்தனை சாகசமும் செய்கிறான். நரைத்த தலையோடு பின்னால் வருகிற இங்கிலிஷ், அவன் தாண்டிக் குதித்த வேலியில் இருக்கிற கதவைத் திறந்துகொண்டு வருகிறார். அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற உயரத்தை இவர் லிஃப்டில் இறங்குகிறார். மூச்சு கூட வாங்கவில்லை. இரண்டு பாகத்திலும் சேர்த்து இதுதான் சிறந்த காட்சி என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

ஏன் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. முதல் பாகத்து இங்கிலிஷால் இந்தக் காட்சி முடியவே முடியாது. அவர் தாவப் போய் விழுந்திருப்பார், நாமும் சிரித்திருப்போம், மறந்திருப்போம். இங்கே அவர் ஜெயிக்கிறார். மொசாம்பிக்கில் நடந்த ஒரு சொதப்பலுக்குப் பிறகு திபெத் மடாலயத்தில் பயிற்சி எடுத்தவர், வயது தந்த நிதானம் இருக்கிறது. அவரைக் கிண்டலடிக்காமல் சாகசப் படங்களின் வெட்டி உழைப்பைக் கிண்டலடிக்கிறார்கள்.

பிரதமர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இங்கிலிஷின் நாற்காலி தானாக மேலே போவதும் கீழே இறங்குவதுமாக இருக்கிற காட்சியும் அப்படித்தான். எதுவுமே நடக்காத மாதிரி பேசிக்கொண்டே போகிறார்.

விதை போட்டு அறுப்பதிலும் இரண்டாம் பாகம் கெட்டி. துப்புரவுப் பணியாளர் வேஷத்தில் வருகிற கொலைகாரக் கிழவியை ஆரம்பத்தில் காட்டிவிட்டு, அப்புறம் அவள் என்று நினைத்து மேலதிகாரியின் அம்மாவைப் போட்டு அடிக்கிறார், கடைசியில் பட்டம் வாங்கப் போன இடத்தில் மகாராணிக்கே அந்த கதி. முதல் பாகத்தில் இந்த அளவுக்குத் திட்டமிட்ட சிரிப்பு கிடையாது, நடந்தது நடந்தபடி போய்க்கொண்டிருக்கும்.

ஜூன் 13

அப்படியானால் ஏன் எனக்கு முதல் பாகம்தான் அதிகம் பிடிக்கிறது? மூன்று நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி. பதில் பாஃப்.

முதல் பாகத்தில் சவ வண்டியைத் துரத்திப் போகிற இங்கிலிஷ், தப்பான வண்டியைப் பின்தொடர்ந்து, யாரோ ஒருவருடைய நிஜ இறுதிச் சடங்குக்குள் புகுந்து, அழுதுகொண்டிருக்கிறவர்களைப் பார்த்து நடிப்பைப் பாராட்டி, சவப்பெட்டியையும் விட்டுவைக்காமல் ரகளை செய்கிறார். உண்மை உறைக்கும்போது தப்பிக்க வழியே இல்லை. அப்போது பாஃப் வந்து, இவர் மனநோய் விடுதியிலிருந்து ஓடி வந்துவிட்ட நோயாளி, நான் கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். திட்டவில்லை, சொல்லிக் காட்டவில்லை. அடுத்த காட்சியில் மறுபடி முதலாளி முதலாளிதான். பாராசூட்டில் குதிக்கும்போதும் பாஃப் சரியான கட்டடத்தில் இறங்குகிறார், இங்கிலிஷ் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் இறங்கி நோயாளிகளைத் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறார்.

நமக்கு கவுண்டமணி–செந்தில் ஜோடி பழக்கம். அதில் திட்டுகிறவர் விவரமானவர், திட்டு வாங்குகிறவர் வெகுளி. இங்கே தலைகீழ். திட்டு வாங்குகிறவருக்குத்தான் எல்லாம் தெரியும், தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனம் இருப்பதால்தான் இங்கிலிஷின் பெருமை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஊதிக்கொண்டே போக முடிகிறது.

இரண்டாம் பாகத்தில் அந்த இடத்தில் டக்கர். டேனியல் கலூயா, கெட் அவுட் வந்து உலகத்துக்குத் தெரிவதற்கு ஆறு வருஷம் முன்பு. நல்ல நடிகர், குறை அவர் மேல் இல்லை. டக்கர் கண்ணில் படுவதைச் சொல்லிவிடுகிற பையன். துரோகியைக் கழிவறையில் கையும் களவுமாகப் பிடித்தே விடுகிறான், இங்கிலிஷ் வந்து அவனை விரட்டிவிட்டு, சாவியைத் தன் கையாலேயே துரோகியிடம் கொடுக்கிறார். அது சிரிப்பாக இல்லை, கஷ்டமாக இருக்கிறது. பையன் முகம் விழுந்துவிடுகிறது. அப்புறம் அவன் வீடு தேடிப் போய்ச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது, மொசாம்பிக் நினைவு வேறு வந்து வந்து இங்கிலிஷின் கண்ணைத் துடிக்க வைக்கிறது. மனசாட்சி வந்துவிட்டது ஐயாவுக்கு. முதல் பாகத்தில் ஒரு கூட்டம் உளவாளிகளைக் கொன்றுவிட்டு முகம் சுளிக்காதவர்!

மனிதராக உயர்ந்துவிட்டார், சரி. ஆனால் வெட்கம் வந்த இங்கிலிஷிடம் அந்தப் பழைய காட்டாற்று ஓட்டம் இல்லை. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு நல்ல காட்சி வருகிறது, நடுவில் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜூன் 14

கார் பற்றி ஒரு வரி, ஆட்கின்சனுக்கு அது உயிர் என்பதால். முதலில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி7, கிரேனில் தொங்கியபடியே துரத்துகிறது. இரண்டாவதில் வி16 எஞ்சின் வைத்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம், கடையில் கிடைக்காத வண்டி, அதைக் கொண்டுவந்து ஒன்றுமே செய்யாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் படத்தில் நினைவில் நிற்கிற வண்டி மோட்டார் வைத்த சக்கர நாற்காலிதான்.

ஜூன் 18

மூன்றாவதையும் பார்த்துவிட்டேன், 2018. பாஃப் திரும்பி வந்திருக்கிறார். இடையில் கல்யாணமாகி, மனைவி கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கேப்டன். 15 வருஷம் எங்கே போனாய் என்று இங்கிலிஷ் உருகுவதெல்லாம் கிடையாது, நேராக வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிரெஞ்சுக் கடற்கரை உணவகத்தில் பரிமாறுகிறவர்களாக வேஷம் போட்டு அந்த இடத்தையே எரித்துவிடுகிற காட்சியில் எனக்குப் பழைய சந்தோஷம் கிடைத்தது. மற்றபடி படம் சுமார். பழைய உளவாளிகளைப் பேனா வெடிகுண்டால் மயக்கிப் போடுவது முதல் பாகத்து இறுதிச் சடங்கின் நகல்.

ஆனால் வசூலைப் பார்த்தால் என் கட்சி தோற்றுப்போகிறது. மூன்று படமும் உலகம் முழுக்கச் சேர்த்து கிட்டத்தட்ட ஒரே தொகை, ஒவ்வொன்றும் 16 கோடி டாலர் சுமாருக்கு. பாஃப் இருந்தாரா இல்லையா என்று டிக்கெட் வாங்கியவர்களில் யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.