சாக் ஆனா உடனே லைனைத் திட்டாதீங்க

அமெரிக்காவுல ஒரு காலேஜ் ஃபுட்பால் டீமோட வீடியோ டிபார்ட்மெண்ட்ல வேலை பாத்தப்போ என் கண்ணு முழுக்க அஞ்சு பேரோட காலு மேலயும் கை மேலயும்தான் இருக்கும். ஆஃபென்சிவ் லைன்னு சொல்றாங்களே அந்த அஞ்சு பேர், நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ஓரத்துல டாக்கிள், ஒவ்வொருத்தரும் 130, 140 கிலோ இருப்பாங்க. குவார்ட்டர்பேக் பந்தை எறியற வரைக்கும் எதிர் டீம்காரன் அவர்கிட்ட நெருங்காம தடுக்கணும், ரன் ப்ளேன்னா ஓடறவனுக்கு வழி திறந்து விடணும், அதான் வேலை. குவார்ட்டர்பேக்கை பந்தோட லைனுக்குப் பின்னாடியே பிடிச்சு கீழ தள்ளிட்டா அது சாக். சாக் ஆன அடுத்த செகண்டே ஸ்டேடியம் மொத்தமும் லைனைத் திட்டும், டிவியில கமெண்டரி பண்றவரும் பாதி நேரம் அதையேதான் சொல்லுவார்.

ஒவ்வொரு ப்ளேயையும் ரெண்டு கேமராவுல எடுப்போம், ஒண்ணு பக்கவாட்டுல உயரத்துல இருந்து, இன்னொண்ணு கிரவுண்டோட கடைசியில இருக்கற எண்ட்ஸோன் பின்னாடி டவர்ல இருந்து. லைன் கோச்சுக்கு ரெண்டாவதுதான் வேணும், ஏன்னா அதுலதான் யாரு கால் எங்க வச்சான், யாரு கை எங்க போச்சுன்னு தெரியும். நான் எல்லாத்தையும் வெட்டி, எத்தனாவது டவுன் (10 யார்டு முன்னேற குடுக்கற நாலு வாய்ப்புல எத்தனாவது), எத்தனை யார்டு பாக்கி, என்ன ஃபார்மேஷன்னு டேக் போட்டு வைப்பேன், சாக் ஆன ப்ளேக்கு மட்டும் யார் பொறுப்புன்னு ஷீட்ல தனியா ஒரு காலம் (column). அதை கோச் சொல்லுவார், நான் டைப் பண்ணுவேன். அந்த ஒரு காலத்தை நிரப்பறப்ப பக்கத்துல உக்காந்திருந்து கத்துக்கிட்டதுதான் இந்த விளையாட்டைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச பாதி விஷயம்.

ஒரு ப்ளே இன்னும் அப்படியே கண்ணுல நிக்குது. மூணாவது டவுன், 8 யார்டு பாக்கி. லெஃப்ட் டாக்கிளைச் சுத்திகிட்டு எதிர் டீமோட எண்ட், அதாவது ஓரத்துல நின்னு குவார்ட்டர்பேக்கைத் துரத்தறவன், வெளிப்பக்கமா ஓடி வந்து பின்னாடி இருந்து குவார்ட்டர்பேக்கை அடிச்சான், பந்தும் கீழ விழுந்துச்சு. யாரைக் கேட்டாலும் டாக்கிள் தப்புன்னுதான் சொல்லுவாங்க. கோச் வீடியோவை நிறுத்தி, கிரவுண்டுல இருக்கற யார்டு கோட்டை எண்ணச் சொன்னார். குவார்ட்டர்பேக் எட்டு, ஒம்பது யார்டு பின்னாடி நிக்கணும், அந்தப் பையன் கிட்டத்தட்ட பன்னெண்டுல நிக்கறான். "நாம எந்த இடத்தைக் காப்பாத்தச் சொன்னோமோ அந்த இடத்தை அவன் காப்பாத்திட்டான், காப்பாத்த வேண்டிய ஆள்தான் அங்க இல்ல"ன்னு சொல்லிட்டு டாக்கிளுக்கு பிளஸ் போடச் சொன்னார். லைன்மேனுக்கு முதுகுல கண்ணு கிடையாது, குவார்ட்டர்பேக் இங்கதான் நிப்பான்னு நம்பித்தான் அவன் எதிராளியை ஒரு வளைவுல வெளிய தள்ளிகிட்டே போறான், நிக்கறவன் மூணு யார்டு பின்னாடி போயிட்டா அந்த வளைவே எதிராளிக்கு வழி காட்டிடுது. அதே குவார்ட்டர்பேக் ஒரு ஸ்டெப் முன்னாடி ஏறியிருந்தா அந்த எண்ட் பின்னாடி காத்தைத்தான் பிடிச்சிருப்பான்.

ப்ரோ லெவல்ல, அதாவது என்எஃப்எல் லீக்ல, இதுக்கு நல்ல உதாரணம் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங். 2009 சீசன்ல இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்காக 571 தடவை பந்தை எறிஞ்சார், சாக் ஆனது மொத்தம் 10 தடவைதான். அந்த லைன்ல எல்லாரும் பெரிய பேர்னு நினைச்சுடாதீங்க, சென்டர் ஜெஃப் சாட்டர்டேவை டிராஃப்ட்ல (டீம்கள் வரிசையா புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கறது) யாருமே எடுக்கல. ஆனா மேனிங் ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னாடி குடுத்து ப்ளேயை ஆரம்பிக்கறது) முன்னாடியே எதிர் டீம் எங்க இருந்து வரப் போறான்னு படிச்சு கத்திகிட்டே இருப்பார், சாட்டர்டே அதைக் கேட்டு லைனைத் திருப்புவார், பந்து கைக்கு வந்தா சீக்கிரமா போயிடும். அவங்களுக்குப் பின்னாடி ஹோவர்ட் மட்னு ஒரு லைன் கோச், 1998ல இருந்து 2009 வரைக்கும் அங்கயே இருந்தவர். ஒரே கோச், ஒரே சென்டர், ஒரே குவார்ட்டர்பேக், வருஷக்கணக்கா ஒண்ணாவே இருந்தாங்க. இந்த 10ங்கற நம்பரை லைனுக்கு மட்டும் குடுக்கறதும் தப்பு, மேனிங்குக்கு மட்டும் குடுக்கறதும் தப்பு.

எதிர்ப்பக்கம் குவார்ட்டர்பேக் டேவிட் கார். 2002ல புதுசா ஆரம்பிச்ச ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அவரை முதல் ஆளா டிராஃப்ட்ல எடுத்தாங்க, அந்த ஒரே சீசன்ல 76 சாக். என்எஃப்எல் ரெக்கார்டு அது. டோனி பொசெல்லின்னு ஒரு பெரிய டாக்கிளை நம்பி எடுத்தாங்க, அவர் தோள்பட்டை காயத்தால அவங்களுக்காக ஒரு மேட்ச்கூட ஆடவே இல்ல. 2005லயும் கார் 68 தடவை சாக் ஆனார். அத்தனை அடி வாங்கின ஆளு அப்புறம் எப்படி பாக்கெட்ல, அதாவது லைன் சுத்தி காப்பாத்தற இடத்துல, நிதானமா நின்னு பாப்பார்? என் அபிப்பிராயம், லைன் மோசமா இருந்தா குவார்ட்டர்பேக்கோட பழக்கம் கெடுது, பழக்கம் கெட்டா நல்ல லைன் வந்தப்புறமும் சாக் குறையாது. இளசா வர்ற பசங்களுக்கு முதல் வருஷத்துலயே இப்படி நடக்கறதைப் பாத்தா எனக்கு இப்பவும் கஷ்டமா இருக்கும்.

சின்சினாட்டி பெங்கால்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ கதை வேற. 2021 சீசன்ல 51 சாக், ப்ளேஆஃப்ல டென்னஸிக்கு எதிரா ஒரே மேட்ச்ல 9 தடவை சாக் ஆகியும் ஜெயிச்சார், சீசனோட கடைசி ஃபைனலான சூப்பர் பவுல்ல 7 தடவை சாக் ஆகி தோத்தார். பெரிய த்ரோவுக்காக பந்தைப் பிடிச்சுகிட்டு காத்திருக்கற ஆளு அவர், அதுக்கு விலை இருக்கு, சில நாள் லாபமும் இருக்கு.

இப்ப கோச்சிங்குக்கு வர்றேன். நான் இருந்த டீம்ல லைன் கோச்சும் குவார்ட்டர்பேக் கோச்சும் தனித்தனி ரூம்ல தனித்தனியா மீட்டிங் போடுவாங்க. ஒவ்வொரு ப்ளேக்கு முன்னாடியும் எதிர் டீம்ல முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கற லைன்பேக்கர்கள்ல ஒருத்தனை மைக்னு கைகாட்டணும், அவனை வச்சுத்தான் யார் யாரைப் பிடிக்கணும்ங்கற கணக்கே ஆரம்பிக்கும். லைன் ரூம்ல சொல்லிக்குடுத்த விதிப்படி சென்டர் ஒருத்தனைக் காட்டுவான், குவார்ட்டர்பேக் ரூம்ல கத்துகிட்ட விதிப்படி இவன் மனசுல இன்னொருத்தன் இருப்பான். விளைவு, ஒருத்தனை யாருமே பிடிக்கல, அவன் நடுவால நேரா ஓடி வந்து அடிக்கறான், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துகிட்டு நிக்கறாங்க. வீடியோவுல பாத்தா அஞ்சு பேரும் அவங்கவங்க வேலையை ஒழுங்கா செஞ்சிருப்பாங்க, ஆனா பொறுப்பு காலத்துல என்ன எழுதறது?

கோச் மாறினப்போ புதுசா வந்தவர் முதல்ல செஞ்ச காரியம், வியாழக்கிழமை மீட்டிங்ல சென்டரையும் குவார்ட்டர்பேக்கையும் பக்கத்து பக்கத்துல உக்கார வச்சு எதிர் டீமோட பிளிட்ஸ் (வழக்கத்தை விட அதிக ஆளை குவார்ட்டர்பேக் மேல ஏவறது) வீடியோவை ஓட விட்டார். ஸ்னாப்புக்கு ஒரு செகண்ட் முன்னாடி நான் நிறுத்தணும், ரெண்டு பேரும் மைக் யாருன்னு அவன் நம்பரை பேப்பர்ல எழுதணும், ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அடுத்த கிளிப். ஆரம்பத்துல ஒரு கிளிப்பைத் தாண்டறதுக்கே அவ்வளவு நேரம் ஆகும், ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் வேற. ரெண்டாவதா யார் யாரைத் தடுக்கணும்னு லைன்ல கத்திச் சொல்ற குறிச்சொற்களோட எண்ணிக்கையைக் குறைச்சார், இருக்கறதை தூக்கத்துல கேட்டாலும் சொல்ற அளவுக்கு ஆக்கினார். லைன் கபடியில கையைக் கோத்துகிட்டு நிக்கற பசங்க மாதிரி, ஒருத்தன் யோசிச்சு அரை செகண்ட் லேட்டா நகந்தாலும் பக்கத்துல இருக்கறவனுக்கும் சேத்து ஓட்டை விழும். அதே பசங்கதான், உடம்பு பெருசாகல, வேகம் கூடல, ஆனா எதிர் டீம் ரெண்டு பேர் குறுக்க மாறி ஓடி வர்ற ட்விஸ்ட் வந்தா பேசிகிட்டே ஆளை மாத்திக்கிட்டாங்க.

மூணாவது விஷயம் எனக்கு யாரும் சொல்லாம டேக் போடறப்பவே தெரிய வந்துச்சு. பந்தைக் குடுக்கச் சொல்லி எங்க குவார்ட்டர்பேக் ஒவ்வொரு ப்ளேக்கும் ஒரே தாளத்துல கத்துவான். எதிர் டீம் எண்ட் அதைப் பிடிச்சுகிட்டு பந்து நகர்ற அதே நொடியில பாயறான், நம்ம டாக்கிள் அப்பத்தான் எழுந்திருக்கான். கோச்கிட்ட காமிச்சேன், கத்தற விதத்தை மாத்தி மாத்தி வைக்கச் சொன்னார், அடுத்த மேட்ச்லயே ரெண்டு தடவை எதிர் டீம் பந்து நகர்றதுக்கு முன்னாடியே பாய்ஞ்சு ஆஃப்சைடு வந்தான்.

டான்டே ஸ்கார்னெக்கியா கதையையும் சொல்லணும். நியூ இங்கிலாண்ட் பேட்ரியாட்ஸோட லைன் கோச், 2013 சீசனோட ரிட்டயர் ஆனார். 2015ல அவங்க குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 38 தடவை சாக் ஆனார், டென்வர்ல நடந்த கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல அடி மேல அடி வாங்கி தோத்தாங்க. 2016ல ஸ்கார்னெக்கியாவைத் திரும்பக் கூப்பிட்டாங்க, டீம் மொத்தமா 24 சாக், சூப்பர் பவுலும் ஜெயிச்சாங்க. முழு கிரெடிட்டையும் அவருக்கே குடுக்க மாட்டேன், 2015ல காயம்பட்டு வெளிய இருந்த லெஃப்ட் டாக்கிள் நேட் சோல்டர் திரும்பி வந்தார், ஜோ தூனின்னு நல்ல புதுப் பையனும் கார்டா வந்தான். ஆனா பிரேடி அதே பிரேடிதானே. ஃபிலடெல்ஃபியா டீம்ல லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் 2018 டிராஃப்ட்ல ஏழாவது ரவுண்டுல வந்த ஜோர்டன் மைலாட்டாவை எடுத்துகிட்டார், ஆஸ்திரேலியாவுல ரக்பி லீக் ஆடின பையன், அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் ஒண்ணுகூட ஆடினதில்ல. நிக்கறது எப்படிங்கறதுல இருந்து சொல்லிக்குடுத்து லெஃப்ட் டாக்கிளா ஆக்கினார், அந்தப் பையன் சூப்பர் பவுல் ஜெயிச்ச லைன்ல நின்னான். இவ்வளவுக்கும் வீரர்கள் சங்கத்தோட போட்ட 2011 ஒப்பந்தத்துக்கு அப்புறம் என்எஃப்எல்ல சீசன் நடுவுல பேட் போட்டு மோதற ப்ராக்டிஸ் 14 தடவைதான் வைக்கலாம்னு ஆயிடுச்சு, லைன்மேன் மோதாம எப்படிக் கத்துப்பான்? உடம்புக்கு நல்லதுன்னு எனக்கும் புரியுது, ஆனா கோச்சோட நேரம் குறைய குறைய நல்ல கோச்சுக்கும் சுமாரான கோச்சுக்கும் இடைவெளி இன்னும் பெருசாகுது.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, லைன்மேனுக்கு கேட்ச் கிடையாது, யார்டு கிடையாது, டச்டவுன் கிடையாது, அவன் பேருக்கு எதிரா ஏறற முக்கியமான நம்பர் சாக்தான், அதை வச்சு ஸ்கவுட் முடிவு பண்றாங்க, ஸ்காலர்ஷிப், காண்ட்ராக்ட் எல்லாம் அதுல தொங்குது. அதனாலதான் பொறுப்பு காலத்துக்குப் பக்கத்துலயே குவார்ட்டர்பேக் எத்தனை யார்டு பின்னாடி நின்னார், பந்தை எத்தனை செகண்ட் வச்சிருந்தார், மைக்கா யாரைக் காட்டினாங்கன்னு மூணு காலம் சேத்தேன். கோச் முதல்ல அவ்வளவு வேலையான்னு கேட்டார், அப்புறம் குவார்ட்டர்பேக் கோச்சுக்கும் அதே ஷீட்டை அனுப்பச் சொன்னார்.